நாவுக்கு ஓர் அரிச்சுவடி

"நம் பிள்ளைக்கு இங்கிலீஷ் எழுத வருகிறது, வாயைத் திறந்து பேசத்தான் வரவில்லை" என்று அங்கலாய்க்காத பெற்றோர் நம் நாட்டில் அரியர். பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் அந்தப் பாஷையைப் படித்து, பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கித் தேறிய பிள்ளை, அந்நியர் ஒருவர் எதிரில் நாலு வாக்கியம் பேச நேர்ந்தால் முகம் வெளிறி நிற்கிறான். காரணம் கேட்டால், "என் உச்சரிப்பு சரியில்லை, சிரிப்பார்கள்" என்கிறான். அவன் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது. பிறர் கட்டிய வேஷ்டியைப் பார்த்துச் சிரிக்காத கண்ணியவான்கள்கூட, பிறர் வாயில் வரும் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கத் தயங்குவதில்லை.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது ஒன்றே. உச்சரிப்பு குலத்தால் வருவதன்று. பட்டணத்தில் பிறந்ததால் வருவதுமன்று. நாக்கு, பல், உதடு, தொண்டை ஆகிய உறுப்புக்களின் தொழில் அது. தறிக்குக் கை பழகுவதுபோல் உச்சரிப்புக்கு நாப் பழக வேண்டும். பழக்கினால் எவருக்கும் வரும். அப்படிப் பழக்குவதற்கு வேண்டிய இலக்கணமோ, ஆங்கிலேயர் நம் கரையில் இறங்குவதற்கு வெகு காலம் முன்னரே நம் வீட்டுப் பெட்டியில் இருந்து வருகிறது.

எழுத்து வேறு, ஒலி வேறு

தமிழ்ப் பிள்ளை ஆங்கிலம் படிக்கையில் முதலில் இடறி விழுகிற இடம் ஒன்று உண்டு. தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி தெரிந்துவிடும் என்று அவன் பழகியிருக்கிறான். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கிறான். ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26. தென் இங்கிலாந்தில் படித்தவர் பேசும் ஆங்கிலத்திலோ ஒலிகள் 44. அவற்றுள் மெய்யொலிகள் 24, உயிரொலிகள் 20. இருபது உயிரொலிகளுக்கு உயிரெழுத்து ஐந்தே ஐந்து! ஐந்து பேர் இருபது பேருடைய வேலையைப் பார்க்கும் காரியாலயத்தில் கணக்கு எப்படி இருக்கும்? ஆங்கில எழுத்துக்கூட்டும் அப்படித்தான் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குச் சரித்திரக் காரணம் உண்டு. வில்லியம் காக்ஸ்டன் என்பவர் லண்டனையடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தது 1476-ஆம் வருஷம். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்லக் கல்லில் வெட்டினாற்போல் நிலைத்துவிட்டது. ஆனால் ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை அந்த நாட்டு மக்களின் நெட்டுயிர்கள் ஒவ்வொன்றாக வாயில் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, நாக்கு நடந்துவிட்டது. இன்று 'நேம்' என்று சொல்லப்படும் சொல்லை 1400-இல் மறைந்த கவி சாஸர், கிட்டத்தட்ட 'நாம' என்று உச்சரித்திருப்பார். நம் 'நாமம்' காதில் விழுகிறதல்லவா? வடமொழியின் நாமமும் ஆங்கிலேயரின் நேமும் ஒரே பழைய மூலத்திலிருந்து வந்த உறவினரே.

'நைட்' என்ற போர்வீரனின் பெயருக்கு முன்னால் கே என்ற எழுத்து சும்மா நிற்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாஸர் காலத்தில் அது சும்மா நிற்கவில்லை, உச்சரிக்கப்பட்டது. கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லில் இருக்கும் பீ எழுத்தின் கதை வேறு. அதை ஆங்கிலேயர் ஒருநாளும் உச்சரித்ததில்லை. லத்தீன் மூலத்தில் அந்த எழுத்து உண்டு என்பதைக் காட்ட விரும்பிய பண்டிதர்கள் அதை நடுவில் செருகினார்கள். பண்டிதர்களின் பெருமைக்காக நம் குழந்தைகள் இன்றும் 'டிக்டேஷனில்' மார்க்கு இழக்கிறார்கள்.

இதைக் கண்டு நாம் மிகவும் நகைப்பதற்கில்லை. நம் தமிழிலும் ஓரெழுத்துக்குப் பல ஒலி உண்டு. கடல், தங்கம், பகல் என்று மூன்று சொற்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் எழுத்து ஒரே ககரம். ஒலி மூன்று விதம். ஆனால் இன்ன இடத்தில் இன்ன ஒலி என்ற ஒழுங்கு தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு பாதி வழியில் அறுந்து போயிற்று, அவ்வளவே வித்தியாசம்.

ஆகவே முதற்பாடம் இது: ஆங்கிலச் சொல்லைக் கண்ணால் கற்காதீர்கள், காதால் கற்றுக்கொள்ளுங்கள். இதற்குத் துணையாக ஒலிக்கென்றே ஒரு லிபி இருக்கிறது. 1886-இல் பாரிஸ் நகரில் பால் பாஸி என்ற ஆசிரியர் முதலானோர் ஒரு சங்கம் கூட்டினர். 1888-இல் அச்சங்கம் ஓர் ஒலிக்கு ஒரே குறி என்ற நியதிப்படி ஒரு லிபியை வெளியிட்டது. லண்டன் பேராசிரியர் டானியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி அந்த முறையை உலகறியச் செய்தது. இன்று நல்ல ஆங்கில அகராதிகள் பலவற்றில் சொல்லுக்குப் பக்கத்தில் அந்தக் குறிகள் அச்சாகியிருக்கின்றன. கைபேசியிலுள்ள அகராதியோ, தட்டினால் வாய் திறந்து சொல்லியே காட்டுகிறது.

தொல்காப்பியர் காட்டும் வழி

ஒலி எங்கே பிறக்கிறது, எந்த உறுப்பு எதைத் தொடுகிறது என்று ஆராயும் சாஸ்திரம் ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைப்பவர் பலர். தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலுக்குப் பெயரே பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று அங்கே கூறப்படுகிறது. நுனிநா எங்கே வளைகிறது, எங்கே பல்லின் அடியில் பரந்து தொடுகிறது என்றெல்லாம் எழுத்துக்கு எழுத்து விவரிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய ஒலிநூல் வகுப்பில் படத்தில் வரைந்து காட்டுவதும் இதே முறைதான்.

வடமொழியின் பிராதிசாக்கியங்களும் பாணினியின் இலக்கணமும் இத்துறையில் பெருஞ்செல்வம். 1784-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் முதலியோர் மூலம் அச்செல்வம் ஐரோப்பாவை அடைந்தது. லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவரும், தமிழ் உச்சரிப்பைப் பற்றி எழுதியவரும், பின்னர் லண்டனில் மொழியியல் பேராசிரியரானவருமான ஜே. ஆர். ஃபர்த், இந்திய இலக்கண ஆசிரியர்கள் இல்லாவிடில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஒலிநூல் மரபை நினைத்துப் பார்ப்பதே கடினம் என்ற கருத்தை 1946-இல் வெளியிட்டார். ஆகையால் நம் மாணாக்கன் ஒலிநூலைப் பிறரிடம் இரவல் வாங்குவதாக எண்ண வேண்டியதில்லை. கொடுத்த கடனில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறான் என்றே எண்ணலாம்.

கண்ணாடி, காகிதம், விரல்

இனிப் பயிற்சிக்கு வருவோம். இதற்கு வேண்டிய கருவிகள் மூன்று: ஒரு முகக் கண்ணாடி, ஒரு மெல்லிய காகிதத் துண்டு, சொந்த விரல் ஒன்று. பணம் கட்டிச் சேரும் வகுப்பில் இம்மூன்றையும் பயன்படுத்துகிறார்களோ இல்லையோ, வீட்டில் பயன்படுத்தத் தடையில்லை.

முதலில் கண்ணாடி. தமிழில் 'காப்பி' என்றால் குடிப்பதும் அதுவே. பரீட்சையில் அடுத்தவனைப் பார்த்து எழுதுவதும் அதுவே. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு. பார்த்து எழுதும் காப்பிக்கு இரண்டு உதடும் மூடித் திறக்க வேண்டும். குடிக்கும் காஃபிக்கு மேற்பல் கீழுதட்டில் மெல்லப் படிய, இடுக்கின் வழியாகக் காற்றுச் சீற வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் பல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது காஃபி ஆகாது.

அதே கண்ணாடியைக் கொண்டு இன்னொரு சிக்கலையும் தீர்க்கலாம். நமக்கு வகரம் ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. 'வைன்' என்பது எழுத்தை மாற்றினால் திராட்சைக் கொடியுமாகும், திராட்சை மதுவுமாகும். கொடிக்குப் பல் வேண்டும். மதுவுக்குப் பல் கூடாது. அதாவது, கொடியைச் சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறது. மதுவைச் சொல்லும்போது ஊதப் போகிறவன்போல் உதடுகள் குவிந்து விரிகின்றன. வகரம் பல்லும் உதடும் சேர்வதால் பிறக்கிறது என்பதே தொல்காப்பியர் கூற்று. ஆக, பழைய இலக்கணப்படி வகரத்தை உச்சரித்தால் கொடி சரியாக வந்துவிடும். அன்றாடப் பேச்சில் நாம் பல்லைத் தளர்த்திவிட்டதால்தான் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று வந்து நிற்கிறது.

அடுத்து, காகிதம். அரை விரற்கடை அகலமுள்ள காகிதத் துண்டை உதட்டுக்கு நேரே தொங்கவிட்டுக் குண்டூசி என்ற பொருளில் 'பின்' என்று சொல்லுங்கள். தமிழ் நாவில் காகிதம் அசையாது. ஆங்கிலேயர் சொன்னால் அது துள்ளும். சொல்லின் முதலில் அழுத்தத்தோடு வரும் பகர, டகர, ககர வல்லொலிகளுக்குப் பின் ஒரு சிறு மூச்சு வெளிப்படுவது அவர்கள் வழக்கம். அந்த மூச்சு இல்லாவிட்டால், அவர்கள் காதுக்கு வல்லொலி மெல்லத் தேய்ந்து வேறொன்றாகக் கேட்கிறது. குண்டூசியைக் கேட்டால் குப்பைத் தொட்டி வந்து சேரும்; ஏனெனில் குப்பைத் தொட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், மூச்சில்லாத 'பின்'. காகிதம் துள்ளும்வரை பழகுவது ஒரு மாலைப் பொழுது வேலை.

மூன்றாவது, விரல். ஒரு விரலைத் தொண்டையின் மேட்டில் வைத்துக்கொண்டு, பாம்பு சீறுவதுபோல் 'ஸ்ஸ்' என்று நீட்டுங்கள். தொண்டையில் ஓர் அசைவும் தெரியாது. வாயை மாற்றாமல், நாக்கை அசைக்காமல், தொண்டையில் மட்டும் ரீங்காரம் கொடுங்கள். விரலில் அதிர்வு தட்டும். ஒலியும் வண்டின் முரல்வாக மாறிவிடும். அதுவே இஸட் என்ற கடைசி எழுத்தின் ஒலி. 'ப்ரைஸ்' என்பது கடைசியில் பாம்பானால் விலை, வண்டானால் பரிசு.

இந்த வண்டொலி தெரியாததால் வந்த துன்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மிடம் படித்த ஒரு பையன், உழவர் வீட்டுப் பிள்ளை, கணிதத்தில் சூரன். படிப்பு முடிந்து ஓர் உத்தியோகத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனான். கேட்ட கணக்குக்கு விடை பூஜ்யம். 'ஜீரோ' என்றான். எதிரே இருந்த அதிகாரி, அவரும் தமிழரே, புன்னகையோடு அதே சொல்லை அவனைப்போலவே சொல்லிக் காட்டினார். பக்கத்திலிருந்தவரும் சிரித்தார். அதன் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பையன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி எழுந்து வந்துவிட்டான். "விடை எல்லாம் தெரியும், ஸார். வாயைத் திறக்கத்தான் பயமாக இருந்தது" என்றான் நம்மிடம். "தம்பி, விரலைத் தொண்டையில் வை" என்றோம். பாம்பிலிருந்து வண்டுக்கு வர அவனுக்கு அரைமணி நேரங்கூட ஆகவில்லை. ஆனால் மனத்தில் தைத்த வெட்கம் வெளியேற இரண்டு வருஷம் பிடித்தது. ஓர் ஒலியின் பொருட்டு ஒரு மூளையை இழப்பது எந்தக் காரியாலயத்துக்கும் லாபமான வியாபாரமன்று.

பாம்பும் வண்டும் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சூத்திரமும் இலவசமாகக் கிடைக்கும். பன்மைக்காக எஸ் சேர்க்கிறோமே, அது எப்போதும் பாம்பன்று. பூனைகளைச் சொல்லும் 'கேட்ஸ்' என்பதில் பாம்பு. நாய்களைச் சொல்லும் 'டாக்ஸ்' என்பதில் வண்டு. முன்னுள்ள ஒலியில் தொண்டை அதிர்ந்தால் பின்னதிலும் அதிரும். முன்னுள்ளதே சீறும் ஒலியானால் நடுவில் ஓர் இகரம் வந்து 'பஸ்' என்பது 'பஸிஸ்' போல் நீளும். அதன் கடைசி ஒலியும் வண்டே. இறந்தகால விகுதியும் இப்படியே. 'வாக்' என்ற வினையின் இறந்தகாலத்தை 'வாக்கெட்' என்று நம்மவர் நீட்டுவது வழக்கம். சரியான ஒலி 'வாக்ட்' என்ற ஓரசைதான். முன்னால் டகர ஒலி இருந்தால் மட்டுமே 'வான்டிட்' என்று ஓரசை கூடும்.

நாவின் நுனிக்கும் சிறிது வேலை உண்டு. ஆங்கில டகரம் நம் டகரம் அன்று. நமக்கு நா மேலண்ணத்தை நோக்கி வளைகிறது; அவர்களுக்கு மேற்பல்லின் பின்னுள்ள ஈற்று மேட்டில் தட்டி மீள்கிறது. இந்த ஒலி தமிழுக்கு அந்நியமும் அன்று. யாழ்ப்பாணத்தார் 'வெற்றி', 'காற்று' என்னும்போது இரட்டை றகரத்தை அந்த மேட்டிலேயே ஒலிக்கிறார்கள். ஆகவேதான் நாம் 'பாட்டரி' என்று எழுதுவதை அவர்கள் 'பற்றரி' என்று எழுதுகிறார்கள். காதால் கேட்டு எழுதியவர்களின் எழுத்துக்கூட்டு அது.

மெலிந்த என்று பொருள்படும் 'தின்' போன்ற சொற்களில் வருவது நம் தகரம் அன்று. தகரத்துக்கு நா பல்லை அடைத்துத் திறக்கிறது. இதற்கு அடைக்காமல், மேற்பல்லின் விளிம்பில் நுனியை வைத்துக் காற்றைக் கசியவிட வேண்டும். இதற்குத் தொண்டை அதிர்வைச் சேர்த்தால் 'திஸ்', 'தட்' என்பவற்றின் முதல் ஒலி வரும். அது நமக்குப் பழக்கமானதே. 'அது', 'இது' என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வரும் தகரத்தைக் கவனியுங்கள். நா பல்லை இறுக அடைப்பதில்லை. அதைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவருவதே பயிற்சி.

உயிர்களின் சூட்சுமம்

உயிரொலிகளில் தமிழனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. குறில், நெடில் என்ற பாகுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கப்பலுக்கு 'ஷிப்', செம்மறிக்கு 'ஷீப்' என்ற வேற்றுமையில் வேறு நாட்டார் பலர் தடுமாறுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை குறைவு.

நமக்குத் தொல்லை கொடுப்பது வேறோர் உயிர். ஆங்கிலப் பேச்சில் எல்லா உயிரொலிகளிலும் அதிகமாக வருவது அதுதான். அதற்கென்று ஆங்கிலத்தில் எழுத்தே கிடையாது! ஒலிலிபியில் தலைகீழாகக் கவிழ்த்த ஈ எழுத்தால் அதைக் குறிப்பார்கள். 'அபௌட்' என்பதன் முதலில் ஏ எழுத்து, 'டேக்கன்' என்பதன் இறுதியசையில் ஈ எழுத்து, 'பென்ஸில்' என்பதில் ஐ எழுத்து, 'லெமன்' என்பதில் ஓ எழுத்து, 'ஸர்க்கஸ்' என்பதில் யூ எழுத்து. ஐந்து உயிரெழுத்தும் வேஷம் போட்டுக்கொண்டு வந்தாலும் உள்ளே இருப்பது அந்த ஒரே ஒலி. வாயை அதிகம் திறக்காமல், உதட்டைக் குவிக்காமல், நாவை நடுவில் சும்மா கிடக்கவிட்டுக் குரலை மட்டும் கொடுத்தால் வரும் சோம்பேறி ஒலி அது.

இது என்ன விந்தை என்று தமிழறிந்தவர் திகைக்க வேண்டாம். குற்றியலுகரம் என்று நாம் படித்தது இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். 'நடு' என்பதையும் 'நாடு' என்பதையும் கவனித்துச் சொல்லிப் பாருங்கள். முன்னதில் உகரம் முழுமையாய் நிற்கிறது. பின்னதில் உதடு குவியாமல் தேய்கிறது. தேய்ந்த உயிருக்கு மாத்திரை அரை என்று அளந்தே வைத்தார்கள் நம் முன்னோர். உயிர் தேயலாம் என்ற உண்மையை அறிந்த நாம், ஆங்கிலத்தில் மட்டும் ஒவ்வோர் உயிரையும் முழுச் சாப்பாடு போட்டு வளர்ப்பானேன்?

இன்னொன்றும் இங்கே சொல்லத் தகும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே 'கப்' என்பதைக் 'கப்பு' என்றும், 'லேட்' என்பதை 'லேட்டு' என்றும் உகரம் கொடுத்து உட்கார வைக்கிறோம். தமிழ் பேசும்போது இது தமிழின் நியாயம்; குறை அன்று. ஆங்கிலம் பேசும்போது மட்டும் அந்த உகரத்தை வாசலில் விட்டுவிட வேண்டும். 'யெம்', 'யெல்' என்று எகரத்துக்கு முன் யகரத்தைத் துணைக்கு அழைப்பதும் அவ்வாறே.

அழுத்தமே பிரதானம்

மேலே சொன்னவை யாவும் கைவந்தாலும் ஒன்று வராவிட்டால் பேச்சு விளங்காது. அதுவே அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை தலைமை வகிக்கும். அது உரக்கவும் சற்று நீண்டும் குரல் மாறியும் ஒலிக்கும். மற்ற அசைகள் தலைவணங்கித் தேயும். 1958-இல் ஐதராபாத்தில் ஏற்பட்ட மத்திய ஆங்கில நிலையத்தில் பன்ஸல் என்ற அறிஞர் இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டார். விளங்காமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக அவர் கண்டது, அழுத்தம் இடம் மாறி விழுவதையே.

'ஹோட்டல்' என்று முதலசையை நாம் அழுத்துகிறோம். அழுத்தம் இரண்டாவதில் விழ வேண்டும். 'கமிட்டி', 'டெவலப்' இவற்றிலும் இரண்டாவது அசைக்கே தலைமை. 'ரெக்கார்ட்' என்பது முதலில் அழுத்தினால் பெயர்ச்சொல். பின்னால் அழுத்தினால் வினைச்சொல். 'ப்ரெஸண்ட்', 'ஆப்ஜெக்ட்' என்பவையும் அப்படியே. ஒரே குடும்பத்துச் சொற்களில்கூட அழுத்தம் நகரும். நிழற்படமாகிய 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசை. படம் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாமசை. 'ஃபோட்டோகிராஃபிக்' என்ற பெயரடையில் மூன்றாமசை. புதுச் சொல் ஒன்றைக் கற்கும்போது பொருளோடு அழுத்தத்தையும் சேர்த்துக் கற்பதே வழி. அகராதியில் அழுத்தமுள்ள அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

வாக்கியத்திலும் இதே தர்மந்தான். நாம் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை கொடுத்து யாவரையும் மரியாதையாக நடத்துகிறோம். ஆங்கிலம் பொருளுள்ள சொற்களை நிமிர்த்தி, இடைச்சொற்களை நசுக்கி நடக்கும். ரொட்டியும் வெண்ணெயும் என்பதை அவர்கள் சொல்லும்போது நடுவிலுள்ள 'அண்ட்' வெறும் 'ன்' ஆகிவிடுகிறது. 'போக முடியும்' என்னும்போது 'கேன்' என்பது 'கன்' என்று தேய வேண்டும். அதை நிமிர்த்திச் சொன்னால் 'முடியாது' என்றே அவர்கள் காதில் விழக்கூடும். ஒரு சொல்லை உரக்கச் சொன்னதால் காரியம் கெட்ட கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. மேஜையில் விரலால் தாளம் தட்டி, அழுத்தமுள்ள அசை மட்டும் தாளத்தில் விழும்படி ஒரு வாக்கியத்தைப் பத்து முறை சொன்னால் இது பிடிபடும்.

யாருடைய உச்சரிப்பு?

"சரி, இவ்வளவும் பழகினால் துரையைப்போல் பேசலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். எந்தத் துரையைப்போல்? தென் இங்கிலாந்தார் 'கார்' என்பதன் கடைசி ரகரத்தை விழுங்குவர். ஸ்காட்லாந்தாரும் ஐரிஷ்காரரும் பெரும்பாலான அமெரிக்கரும் அதை ஒலிப்பர். நாமும் ஒலிக்கிறோம், அதை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவுமில்லை. அகராதிகள் வெகு காலம் காட்டிவந்த அந்த உயர்தர உச்சரிப்பை இங்கிலாந்திலேயே பேசுவோர் மிகச் சிலர். 1926-இல் பி.பி.சி. வானொலி, சொற்களை எப்படி உச்சரிப்பது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்தது. அரசவைக் கவி ராபர்ட் பிரிட்ஜஸ் முதல் தலைவர். பின்னர் தலைமை தாங்கியவர் பெர்னார்ட் ஷா. டானியல் ஜோன்ஸும் அதில் இருந்தார். அந்தக் குழு 1939 வரை நடந்தது. சொந்தப் பாஷையின் சொற்களுக்கு உச்சரிப்பு எது என்று முடிவுகட்ட அவர்களுக்கே குழு வேண்டியிருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்தால், அவர்கள் நெஞ்சிலிருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும்.

அந்த ஷாவே, லண்டனில் 1914-இல் மேடையேறிய 'பிக்மாலியன்' நாடகத்தில், தெருவில் பூ விற்கும் பெண்ணொருத்தியை ஓர் ஒலிநூற் பேராசிரியர் சில மாதங்களில் சீமாட்டிபோல் பேசவைப்பதாகக் கதை செய்தார். பேச்சைக் கேட்டே மனிதனைத் தரம் பிரிக்கும் தம் சமூகத்தின் பேதைமையைத்தான் அவர் எள்ளினார். அந்தப் பேதைமையை நாம் இறக்குமதி செய்து, வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம்முடைய இலக்கு வேறாக இருக்கட்டும். கேட்பவருக்கு முதல் தடவையே விளங்க வேண்டும். பேசுபவருக்குச் சங்கடமின்றி வர வேண்டும். அவ்வளவு போதும். ஆங்கிலேயரே வியந்து வெள்ளி நாவினர் என்று கொண்டாடிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் (1869-1946) கும்பகோணத்தில் கல்வி கற்று, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்தவர். தமது ஆங்கிலத்தை அவர் தேம்ஸ் நதிக்கரையில் கற்கவில்லை. காவிரிக் கரையில் கற்றார். கவனமாகக் கேட்பதும், சந்தேகம் வந்தபோது அகராதியைத் திறப்பதும், ஒரு சொல்லையும் அலட்சியமாக விடாமல் பழகுவதும் எந்த ஆற்றங்கரையிலும் சாத்தியமே.

எனவே வீட்டிலுள்ளோர்க்கு நமது வேண்டுகோள் இது. இரவில் சாப்பாடான பின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் கண்ணாடி, இரண்டாம் வாரம் காகிதம், மூன்றாம் வாரம் விரல், நான்காம் வாரம் தாளம். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு புதுச் சொல்லை அகராதியில் கேட்டு, அழுத்தத்தோடு பத்து முறை சொல்லட்டும். பத்திரிகையிலிருந்து பத்து வரியை உரக்கப் படிக்கட்டும். தாயும் தகப்பனும் கூட உட்கார்ந்து படிப்பது மிகவும் உத்தமம். தவறு எல்லோருக்கும் பொதுவென்பதைப் பிள்ளை கண்ணால் காண்பான். இந்தக் கால்மணிக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: யார் எப்படிச் சொன்னாலும் ஒருவரும் சிரிக்கக் கூடாது. மற்றப் பாடங்களை உபாத்தியாயர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஒரு பாடத்தை வீடுதான் நடத்த வேண்டும்.